பொதுமொழி எவர்க்குப் பொது?

பல மொழி பேசும் மக்கள் ஒரு நாட்டில் வாழ்வாராயின், அவர்க்கெல்லாம் ஒரு மொழி பொதுமொழியாக இருந்தே தீரவேண்டும் என்று கூறுவார் பலர். ஊருக்கு ஒரு பொதுக்கிணறு இருப்பது போல் நாட்டிற்கு ஒரு பொதுமொழி இருத்தல் நன்றுதானே என்று அவர் வினவுவர். கேட்பதற்கு இஃது எளிய உண்மை போலவே தோன்றும். ஆனால், பொதுக்கிணறு எவர் வீட்டுக் கொல்லையிலும் தோண்டப்படுவதில்லை. பொதுமொழி எனப்படுவதோ எப்பொழுதும் எவரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில்தான் இருக்கின்றது. கொல்லைக்குரியவன் இருந்த இடத்திலிருந்தே நீர் முகந்து கொள்கின்றான். மற்றையோன் நெடுந்தொலைவு நடந்து வந்து, கதவைத் தட்டி, இசைவு கேட்டு நிற்கின்றான். பிறகு, 'இருவரும் ஒரே கிணற்று நீரைத்தானே பருகுகின்றீர்கள், இதில் என்ன குறை?' என்று ஆள்வோர் கேட்கின்றனர்!

இத்தகைய மொழி பெரும்பாலும் வெளிப்படையான தடையால் பிற மொழிகளை ஒடுக்குவதில்லை. அது வேறொரு வழியில் வந்து அமர்கின்றது. அலுவலகத்தில் படிவம் அச்சாகும்பொழுது, எம்மொழியில் அச்சிடுவது என்று எவரும் கேட்பதில்லை. படைப்பயிற்சியின் போது, எம்மொழியில் ஏவுவது என்று எவரும் கேட்பதில்லை. அங்ஙனம் எவரும் கேளாத இடத்தில் எம்மொழி தானே வந்து அமர்கின்றதோ, அம்மொழியே அந்நாட்டின் உண்மையான ஆட்சிமொழி. சட்டப் பொத்தகத்தில் எழுதியிருப்பது எதுவாயினும் ஆகுக. இக் கேளாமொழியின் வலிவு எத்தகையது, அவ் வலிவிற்கு எல்லை எங்குளது என்பவற்றை அறிய விரும்புவார் ஐரோப்பாவின் ஒரு சிறு நாட்டின் வரலாற்றைக் கற்றல் வேண்டும். அது பெல்சியம்.

பெல்சியத்தின் வடபாதி பிளாந்தர், தென்பாதி வல்லோனியா. வடக்கில் வாழும் பிளமியர் பேசுவது ஒல்லாந்தர் பேசும் மொழியே. அதனைப் பிளமியம் என்றும் வழங்குவர். தெற்கில் வல்லோனியரின் ஊர்மொழிகளும் பிரெஞ்சும் வழங்கின. நெப்போலியன் வீழ்ச்சிக்குப் பின் இப்பகுதிகளை நெதர்லாந்தோடு இணைத்து ஆண்ட முதலாம் வில்லியம் அரசர், 1819-இல் பிறப்பித்த ஆணையால், 1823 முதல் பிளமிய மாநிலங்களின் ஆட்சிக்கும் வழக்குமன்றங்கட்கும் ஒல்லாந்த மொழியையே ஒரே மொழியாக்கினார். பிரெஞ்சிலேயே கற்றுப் பிரெஞ்சிலேயே அலுவல் பார்த்து வந்த மேட்டுக்குடியினர் இதனால் சினந்தனர். சமயப் பிணக்கும், பேராளர் இடங்களில் இழைக்கப்பட்ட ஓரவஞ்சனையும், இதழ்கள் மீதான அடக்குமுறையும் இச்சினத்தோடு சேர்ந்தன. 1830-இல் புரட்சி வெடித்துப் பெல்சியம் தனிநாடாயிற்று.

ஒரு மொழித் திணிப்பை எதிர்த்த சினமும் சேர்ந்து பிறந்த நாடு, பிறந்தவுடன் செய்தது என்ன? 1830 நவம்பர் 16-ஆம் நாள், இடைக்கால அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. சட்டங்களின் உண்மைப்படி பிரெஞ்சில் மட்டுமே இருக்கும் என்றது அவ்வாணை. அதற்கு அது கூறிய கரணியம் நாம் ஊன்றி நோக்கத் தக்கது. பிளமியமும் செருமானியமும் மாநிலத்திற்கு மாநிலம், சில இடங்களில் வட்டத்திற்கு வட்டம், வேறுபட்டு வழங்குகின்றனவாம். ஆகலின் அவற்றில் சட்டத்தின் உண்மைப்படியை வெளியிடல் இயலாதாம்! ஊர்தோறும் வழக்கு வேறுபடுதல் எல்லா மொழிக்கும் உள்ள இயல்பு. பிரெஞ்சுக்கும் அஃது உண்டு. ஆயினும், ஆள்வோன் மொழியில் அவ்வேறுபாடு இருந்தால் அது வளம். ஆளப்படுவோன் மொழியில் இருந்தால் குறை.

அடுத்த ஆண்டு, 1831 பிப்ரவரியில் இயற்றிய அரசியல் சட்டமோ மிக அழகாகப் பேசிற்று. பெல்சியத்தில் வழங்கும் மொழிகளை ஆளுதல் அவரவர் விருப்பம் என்றது அதன் 23-ஆம் பிரிவு. எம்மொழியும் தடை செய்யப்படவில்லை. ஆனால் விருப்பம் யாருடைய விருப்பம்? வழக்கோடு வந்த உழவனுக்கும் விருப்ப உரிமை உண்டு. வழக்கைக் கேட்கும் நடுவர்க்கும் விருப்ப உரிமை உண்டு. உழவன் பிளமியத்தில் பேசலாம்; நடுவர் பிரெஞ்சில் தீர்ப்புரைக்கலாம். இருவர் உரிமையும் தாளில் ஒன்றே. வாழ்க்கையில் மேடைமேல் அமர்ந்தவனின் உரிமையே நின்றது. கீழே நின்றவனின் உரிமை கரைந்தது. இத்தனைக்கும் மக்கள் எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்டோர் பிளமியரே! அற்றை நாளில் வரி மிகுதியாகக் கட்டுவோர்க்கே வாக்குரிமை; நூற்றுக்கு ஒருவர் அளவே வாக்காளராய் இருந்தனர். அவ்வொருவர் பிளாந்தரில் வாழ்ந்தாலும் பெரும்பாலும் பிரெஞ்சு பேசும் செல்வராகவே இருந்தார்.

முதலில் விழித்தவர்கள் மொழியறிஞர்களே. அவர்களுள் யான் பிரான்சு வில்லெம்சு என்பார் பழைய பிளமிய நூல்களைத் தேடிப் பதிப்பித்தவர், அரசு அலுவலர். புரட்சிக்குப் பின் 1831-இல் புதிய அரசு அவரை அந்துவெர்ப்பு நகரத்தினின்று எக்லோ என்னும் சிற்றூர்க்கு மாற்றியது. எனினும் அவர் ஓயவில்லை. 1840-இல் பிளமியத்திற்கு உரிமை கேட்டு எழுந்த பெருவேண்டுகோள் இயக்கத்தில் முன்னின்றார். எந்திரிக்கு கொன்சியான்சு என்பார் பிளமியர் 1302-இல் பிரெஞ்சு வேந்தன் படையை வென்ற போரை வைத்து 1838-இல் ஒரு புதினம் எழுதித் தம் மக்களைப் படிக்க வைத்தார். 1856-இல் அரசே பிளமியர் குறைகளை ஆராய ஒரு குழுவை அமர்த்தியது. குழு ஆராய்ந்து குறைகள் உண்மை என்றது. அரசு அவ்வறிக்கையைக் கிடப்பில் போட்டது.

அறிஞர் எழுதியது எட்டாத செவிகளுக்குத் தூக்குமேடைச் செய்தி எட்டியது. கூக்கே, கோத்தாலசு என்னும் பிளமியக் கூலித்தொழிலாளர் இருவர் பிழைப்பு நாடி வல்லோனியாவிற்குச் சென்றிருந்தனர். ஒரு கைம்பெண்ணைக் கொன்றதாக அவர்மேல் வழக்கு. மோன்சு நகர மன்றத்தில் பிரெஞ்சில் வழக்கு நடந்தது. தீர்ப்பின்படி 1860 நவம்பர் 16-ஆம் நாள் சார்லெருவாவில் அவர்தம் தலைகள் வெட்டப்பட்டன. பிரெஞ்சு மட்டுமே சட்டமொழி என்ற ஆணை பிறந்து அற்றைக்குச் சரியாக முப்பது ஆண்டுகள். அவ்விருவரும் குற்றம் செய்தவரா இல்லையா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமித்திலர். மன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் இருந்ததும் உண்மை. ஆயினும், தன் உயிரைப் பற்றித் தன் முன்னே பேசப்படுவதைத் தான் நேராக அறிய மாட்டாமல் ஒருவன் நிற்றல் முறையாகுமா என்னும் வினா பிளாந்தர் முழுதும் எழுந்தது. பின்னர், 1872-இல், யோசேப்பு சுகூப்பு என்பார் தம் மகன் பிறப்பைப் பதியும் இடத்தில் பிளமியத்திற்காக முரண்பட்டுத் தண்டம் பெற்றார். மேல்முறையீட்டில் அவர்தம் வழக்கறிஞர்க்குப் பிளமியத்தில் வழக்குரைக்க இசைவு கிட்டவில்லை. அவ்வழக்கின் கொதிப்பே 1873-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு வழி கோலியது. பிளாந்தரில் குற்ற வழக்குகள் பிளமியத்தில் நடைபெறத் தொடங்கின.

இங்கு ஒன்றைக் கருதுக. பிளமியர்க்குக் கிடைத்த உரிமை எதுவும் ஆள்வோர் அருளால் கிடைத்ததன்று. வாக்குரிமை விரிய விரியவே மொழியுரிமையும் விரிந்தது. 1893-இல் ஆடவர் அனைவர்க்கும் வாக்குரிமை வந்து, வாக்காளர் தொகை ஏறத்தாழப் பத்து மடங்காயிற்று. ஐந்தே ஆண்டுகளில், 1898-இல், பிளமியச் சட்டப்படியும் பிரெஞ்சுப் படியோடு ஒத்த மதிப்புடையது என்னும் ஒப்புரிமைச் சட்டம் நிறைவேறியது. அறுபத்தெட்டு ஆண்டுகளாக 'இயலாது' என்றிருந்தது, வாக்குச் சீட்டைக் கண்டவுடன் இயல்வதாயிற்று! கேளாமொழியின் எல்லை இதுவே. கேட்கும் ஆற்றல் மக்கட்கு வராத வரைதான் அது பொதுமொழி. வந்தபின் அது பலவற்றுள் ஒன்று.

ஆயினும் அது எளிதில் இடம் விட்டுப் போவதில்லை. சட்டத்தை விட்டு விலகினால் கல்வியில் போய் அமரும். 1906-இல் தலைமைப் பேராயர் மெர்சியேயும் பிற ஆயர்களும் பிளமியம் பல்கலைக்கழகக் கல்விக்குத் தகுதியுடையதன்று என்று அறிவித்தனர். கோடிக்கணக்கில் மக்கள் பேசும் மொழியை, பக்கத்து நாடாகிய நெதர்லாந்தில் பல்கலைக்கழகங்களைத் தாங்கி நிற்கும் மொழியை, தகுதியற்றதென்றனர்! பயிற்றாமலே வைத்திருந்து, பின் பயிலாதது என்று பழிப்பது உலகெங்கும் ஒரே முறைதான் போலும்.

முதல் உலகப்போரில் பிளமிய வீரர்கள் பெல்சியப் படையில் பெரும்பகுதியினராய்ப் பொருதனர். ஏவுவோர் பிரெஞ்சு பேசும் படைத்தலைவர்கள். அவர்கள் பிரெஞ்சில் நெடிதாக விளக்கிவிட்டு, 'பிளமியர்களுக்கும் இதுவே' என்று முடிப்பார்களாம். இது மக்கள் வாயில் வழங்கும் கதை. ஆனால், பொதுமொழி என்பதன் முழுப்பொருளையும் அவ்விரு சொற்கள் அடக்கி வைத்துள்ளன. அப்போர்க்காலத்திலேயே, 1916-இல், நாட்டைப் பற்றியிருந்த செருமானியர் கெந்துப் பல்கலைக்கழகத்தைப் பிளமிய மொழியில் திறந்து வைத்தனர். பிளமியருள் சிலர் அத் தூண்டிலைக் கவ்வினர். போர் முடிந்தபின், மொழியுரிமை கேட்பார் எல்லாரையும் இரண்டகர் என்று தூற்றப் பகைவர்க்கு அஃது ஏந்தாயிற்று. தன் அரசு மறுத்த உரிமையைப் பகைவன் இரையாக்கிக் காட்டுவான் என்பதும், அவ்விரையைத் தீண்டியோர் தம் மொழிக்கே தீங்கிழைத்தவராவர் என்பதும் இதனால் பெறப்படும் படிப்பினைகள். அதே பல்கலைக்கழகம் 1930-இல் பெல்சிய நாட்டுச் சட்டத்தாலேயே பிளமியமாயிற்று. 1932-இல் ஆட்சியும் கல்வியும், 1935-இல் வழக்குமன்றங்களும், 1938-இல் படையும் மொழிவழி முறைப்படுத்தப்பட்டன.

காலந்தாழ்த்திக் கொடுத்த உரிமை கசப்பையும் உடன் கொண்டே வரும். பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மொழிக் கணக்கின்படி ஊர்களின் ஆட்சிமொழி மாறலாம் என்றிருந்தது. பிரசெல்சைச் சூழ்ந்த பிளமிய ஊர்கள் கணக்கிற்குக் கணக்கு பிரெஞ்சின்பால் சாய்ந்தன. 1947-ஆம் ஆண்டுக் கணக்கை வெளியிடவே அரசு 1954 வரை அஞ்சிற்று. இறுதியில் 1961-இல் மொழிக் கணக்கே ஒழிக்கப்பட்டது. 1962-63-இல் மொழியெல்லை நிலையாக வரையப்பட்டது. பிளமிய மண்ணிலிருந்த இலோவன் பல்கலைக்கழகத்தின் பிரெஞ்சுப் பிரிவு அங்கேயே நிலைக்க வேண்டுமா என்ற பூசலில் 1968-இல் ஓர் அரசே கவிழ்ந்தது. 1425-இல் தோன்றிய அப்பல்கலைக்கழகம் இரண்டாயிற்று. அதன் நூலகத்து நூல்களை ஒற்றைப்படை எண் இட்டவை ஒரு பக்கம், இரட்டைப்படை எண் இட்டவை மறுபக்கம் என்று பிரித்துக் கொண்டனர். இதனைக் கண்டு உலகம் நகைத்தது. நூல்களைக் கூறு போட்டவர்களை மட்டும் நகைத்து என் பயன்? ஒப்புரிமையை 1830-இலேயே வழங்கியிருப்பின் அந்நூலகம் ஒன்றாகவே இருந்திருக்குமன்றோ?

இன்னொரு செய்தி பலர் கண்ணில் படுவதில்லை. பிரெஞ்சுப் பொதுமொழியால் பிளமியர் மட்டுமே இழந்தார் என்பது பிழை. வல்லோனிய எளிய மக்களும் இழந்தனர். அவர்தம் வீட்டுமொழி பாரிசு நகரப் பிரெஞ்சன்று. வல்லோனியமும் பிக்கார்டியமும் முதலான ஊர்மொழிகளே. அவை பிரெஞ்சுக்கு உறவாகிய தனிமொழிகள். அவற்றைச் 'சிதைந்த பிரெஞ்சு' என்றே பள்ளிகள் பழித்தன. அம்மக்களும் அதை நம்பினர். பிள்ளைகளோடு பேசுவதை விட்டனர். 1990-இல் பிரெஞ்சுச் சமூக அரசு அவற்றை வட்டார மொழிகளென ஏற்றபொழுது, அவற்றைப் பேசுவோர் பெரும்பாலும் முதியவராய் இருந்தனர். பிளமியன் தன் இழப்பை இழப்பென்று உணர்ந்தான், போராடினான், மொழி பிழைத்தது. வல்லோனியன் தன் இழப்பை முன்னேற்றம் என்று எண்ணினான், போராடவில்லை, மொழி தேய்ந்தது. பொதுமொழி தனக்குத் தொலைவான மொழியைக் காட்டிலும் தனக்கு அணுக்கமான மொழியையே முதலில் விழுங்கும்.

இன்று பெல்சியத்தின் ஆட்சிமொழிகள் மூன்று. அரசியல் சட்டத்தின் பிளமியப்படி 1967-லும் செருமானியப்படி 1991-லும் பிரெஞ்சுப் படியோடு ஒத்த மதிப்பெய்தின. 1993-இல் அந்நாடு கூட்டாட்சி நாடென அரசியல் சட்டமே அறிவித்தது. செருமானியம் பேசுவோர் எண்பதினாயிரம் பேர்க்கும் குறைவு. அவர்க்கும் தனிச் சட்டமன்றமும் தனி அமைச்சரவையும் உண்டு. அரசர் முடியேற்கையில் மூன்று மொழியிலும் உறுதி கூறுகின்றார்.

'அந்நாடு 2010-11-இல் 541 நாள் முழு அரசின்றித் தவித்ததே. பன்மொழியின் பயன் அதுதானோ?' என்று வினவுவார் உளர். தவித்தது உண்மை. ஆனால் அந்நாள்களில் பள்ளிகள் நடந்தன, வழக்குமன்றங்கள் நடந்தன, ஏனெனில் ஆட்சியின் பெரும்பகுதி மொழிவழி அரசுகளிடமே இருந்தது. அமைச்சரவை அமைக்க நாள் கடத்துதல் ஒரு குறை. மொழிக்காக மாணவரைச் சுட்டு வீழ்த்துதல் அதனினும் பெருங்கொடுமை. 1952 பிப்ரவரி 21-இல் தாக்கா நகரில் அது நடந்தது. பத்தொன்பது ஆண்டுகளில் பாக்கித்தான் இரண்டாயிற்று. ஒரே மொழியால் நாட்டைக் கட்டப் போவதாகச் சொன்னவர்களே நாட்டை உடைத்தவர்கள்.

இனி நம் நிலைக்கு வருவோம். இந்திய அரசியல் சட்டத்தின் 343-ஆம் பிரிவு இந்தியை நடுவணரசின் ஆட்சிமொழியாக்கியது. 1965-இல் தமிழ்நாடு கொடுத்த உயிர்களின் விலையால் ஆங்கிலம் உடன்மொழியாய்த் தொடர்ந்தது. எட்டாம் அட்டவணையில் 1950-இல் 14 மொழிகள்; இன்று 22. அட்டவணையில் பெயர் ஏறுதல் வேறு, அலுவலகத்தில் அமர்தல் வேறு. சென்னை உயர் வழக்குமன்றத்தில் தமிழும் வழங்க வேண்டும் என 2006-இல் நம் சட்டமன்றம் இயற்றிய தீர்மானத்தை நடுவணரசு ஏற்கவில்லை. 1872-இல் சுகூப்பின் வழக்கறிஞர்க்கு நேர்ந்தது நமக்குப் புதிதன்று. இந்தி பேசுவோர் என 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு காட்டும் நூற்றுக்கு நாற்பத்து நால்வருள், போசபுரி பேசும் ஐந்து கோடி மக்களும், மகதம், சத்தீசுகரி முதலியவை பேசுவோரும் அடங்குவர். வல்லோனியன் கதையே அங்கு நடக்கின்றது. இந்தியின் பெயரால் முதலில் இழப்பவன் தமிழனல்லன், போசபுரிக்காரனே. அவனை நாம் பகைவன் எனல் தவறு. அவன் இன்னும் விழியாத உடன்பிறப்பு.

அறம் நம் வாயிலிலேயே நின்றுவிடுதலும் ஆகாது. நீலமலையில் தோடரும் கோத்தரும் பேசும் மொழிகள் தமிழோடு ஒரு குடும்பத்தவை. பேசுவோரோ மிகச் சிலர். அம்மலைப் பிள்ளை பள்ளிக்கு வரும்பொழுது, எவரும் கேளாமலே அவன்முன் வந்து அமரும் மொழி எது? தமிழ். ஆங்கே கொல்லைக்குரியவர் நாம். தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெற மொழிச் சிறுபான்மையர் பிள்ளைகட்கு ஏந்து செய்க என்று அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு கூறுகின்றது. நமக்கு வேண்டிய அறத்தை அவர்க்கும் கொடுத்தாலன்றி, நாம் கேட்பது உரிமையன்று, வெறும் முறைவைப்பு.

எனவே, யாம் கூறுவன மூன்று. ஒவ்வொரு மொழியும் தன் மண்ணில் கல்விக்கும் ஆட்சிக்கும் முறைமன்றத்திற்கும் முதல்மொழி ஆகுக. நடுவணரசு தன்பால் வரும் குடிமகனின் மொழியைத் தான் கற்குமேயன்றித் தன் மொழியை அவன் கற்றுவர வேண்டுமென்று ஏவாதாகுக. ஒரு மொழி பரவிய மண்ணில் வாழும் சிறுமொழிகட்கும் அதே மதிப்பு உண்டாகுக. பிற மொழியை எவரும் கற்க வேண்டா என்று யாம் கூறவில்லை. கற்பது அறிவு, கற்றாலன்றி வாழ முடியாதென்பது அடிமைத்தனம்.

தமிழ் மக்களே! கேளாத இடத்தில் அமர்ந்த மொழியைக் கேட்டுத்தான் எழுப்ப வேண்டும். குறை நீக்கக் கோரும் முறையீட்டை நடுவணரசின் எந்த அலுவலர்க்கும் தமிழிலேயே எழுத அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவு உங்கட்கு உரிமை தந்துள்ளது. எத்தனை பேர் அதனை ஆண்டீர்கள்? வைப்பகத்திலும் தொடர்வண்டி நிலையத்திலும் அஞ்சலகத்திலும் தமிழ்ப் படிவம் கேளுங்கள். இல்லையெனில், இல்லையென்று எழுதித் தரக் கேளுங்கள். உங்கள் பெயரைத் தமிழில் ஒப்பமிடுங்கள். இவை சிறு செயல்கள்தாம். பெல்சியத்தில் ஒரு தந்தை தன் மகன் பிறப்பைப் பதியச் சென்ற இடத்தில் செய்ததும் சிறு செயல்தான். அடுத்த ஆண்டே ஒரு சட்டம் பிறந்தது. வாய் திறவாத மக்களுக்கு எந்நாட்டிலும் எம்மொழியும் இல்லை.